பன்னிரண்டாவது நாற்காலி

ஆறுதல்புரம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அந்த ஊரில் ஆறுதலாக உட்கார எந்தப் பொம்பளைக்கும் நேரம் இருந்ததில்லை. விடிந்தால் பீடித்தட்டு, அடைந்தால் அடுப்பு.

பெர்சியாளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டிலும் உண்டு. கட்டிலில் மாமனார் அருமைநாயகம்.

லாரி ஓட்டின மனுஷன். ஒரு காலத்தில் அவர் அடுக்களையைப் பார்த்துச் சத்தம் போட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ‘ஆ’. பசித்தாலும் ஆ, நனைந்தாலும் ஆ, கோபம் வந்தாலும் ஆ. எந்த ‘ஆ’ எதற்கு என்று பெர்சியாளுக்கு மட்டும்தான் தெரியும்.

புருஷன் கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிறான். மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆக, பெரியவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் ஒற்றை ஆள் பாடு. மருமகள் மாமனாரைத் தொட்டுத் துடைப்பதா என்று தெரு முதலில் மூக்கில் விரல் வைத்தது.

“அப்போ நீங்க யாராவது வந்து துடைச்சிட்டுப் போங்களேன்” என்று பெர்சியாள் வாசலில் நின்று சொன்னாள்.

தெரு விரலை எடுத்துக்கொண்டது.

அந்த ஊர் வேதக்கோயிலுக்கு ஐயர், அதாவது பாதிரியார், எப்போதாவதுதான் வருவார். அவருக்குப் பக்கத்து ஊர்கள் பலவும் பார்க்க வேண்டும். தினமும் மணி அடிக்க, ஜெபம் நடத்த, புதன்கிழமை வேதபாடம் சொல்லிக் கொடுக்க உபதேசியார் எப்பிராயீம் இருந்தார். பெர்சியாளைவிடப் பத்து வயது சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவர் குரு, அவள் சீஷி. வகுப்பில் அவள் கேட்கிற கேள்விதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம். கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஏதாவது வேலை சொல்லுவார். “பதில் கேட்டா கூலி கேக்காரு மனுஷன்” என்று பெர்சியாளே சிரித்திருக்கிறாள்.

அதெல்லாம் அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்.

பெரிய வியாழன் அன்று காலையில் உபதேசியார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பெர்சியாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை சுற்றியது. கண் பாதி மூடியிருந்தது.

“அக்கா, புதன்கிழமை வகுப்புல உங்க இடம் காலியாவே கிடக்கு.”

“அந்த இடத்துல ஒரு கோழியைப் பிடிச்சு உக்கார வைங்க. அதுவாவது முழிச்சிருக்கும்.”

உபதேசியார் சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார்.

“இன்னைக்குச் சாயங்காலம் வந்துருவீங்கள்ல? சீட்டுல உங்க பேரு வந்திருக்கு.”

அந்தக் கோயிலில் பெரிய வியாழன் ஆராதனையில் ஐயர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். ஆண்டவர் சீஷர்களுக்குக் கழுவின ஞாபகமாக. யாருடைய கால் என்று குருத்தோலை ஞாயிறு அன்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இந்த வருஷம் கடைசியாக வந்தது பெர்சியாளின் பெயர். அவள் கோயிலில் இல்லை. பக்கத்து வீட்டு ஞானப்பூ ஓடிவந்து சொன்னபோது அவள் பெரியவரின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள்.

“என் பேரை எடுத்துருங்க உபதேசியாரே. நான் எங்க வர? இவரை யாரு பாத்துக்கிடுவா?”

“அது இருக்கட்டும். முகம் ஏன் இப்படி இருக்கு?”

கேட்க ஆள் கிடைத்ததும் பெர்சியாளுக்குக் கை நின்றது.

“ஜெபம் வரமாட்டேங்கு. ராத்திரி முழங்கால் போட்டு ‘பரமண்டலங்களிலே’ன்னு ஆரம்பிக்கேன். கண்ணை முழிச்சா கோழி கூவுது. ஆமென்னு ஒண்ணு இருக்கதே மறந்து போச்சு.”

தட்டை மடியில் இருந்து இறக்கி வைத்தாள்.

“முன்னெல்லாம் ஒரு பாட்டு பாடினா கண்ணுல தண்ணி வரும். இப்போ நெஞ்சு அம்மிக்கல்லு. இவருக்குச் செய்யுதேனே, அதுவும் அப்படித்தான். அன்பா செய்யுதேனா, தலையெழுத்தேன்னு செய்யுதேனா, எனக்கே தெரியல்ல. கை செய்யுது. அவ்வளவுதான்.”

கட்டிலில் இருந்து ஒரு ‘ஆ’ வந்தது. பெர்சியாள் எழுந்திருக்காமலே கையை மேலே நீட்டித் தலையணையைச் சரித்துவிட்டாள். ‘ஆ’ அடங்கியது.

“கிறிஸ்டபெல் அம்மா வந்திருந்தாவ. ஜெபக்குழு வச்சு ஊர் ஊராப் போற அம்மா. ஈஸ்டர் முடிஞ்சதும் கிளம்புதாவளாம். ‘உன் குரலை அடுப்படியில பூட்டி வச்சிருக்கியே, வீட்டு வேலை எல்லாரும் செய்வா, ஊழியம் எல்லாருக்கும் வாய்க்காது’ன்னு சொன்னாவ. எனக்கும் அது நெஞ்சுல தச்சுருச்சு. அங்க போனாலாவது இந்தக் கல்லு கரையுமோன்னு.”

“இவரு?”

“காப்பகத்துல இடம் பேசியாச்சு. சனிக்கிழமை வண்டி அனுப்புதாங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல ‘உன் இஷ்டம்’னு சொல்லிட்டாரு.”

“இடம் எப்படி?”

“நானே போய்ப் பாத்தேன். நல்ல இடம். சுத்தமா வச்சிருக்காங்க.”

“பிறகென்ன? அனுப்புறதுல தப்பு ஒண்ணும் இல்லையே.”

அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

“உபதேசியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். இன்னைக்காவது நேராச் சொல்லணும்.”

“கேளுங்க.”

“ஜெபத்துல தூங்கி விழுதவ நான். நெஞ்சு கல்லாப் போய்க் கை மட்டும் ஓடுது. இப்படி ஒருத்தி வீட்டுக்குள்ள கிடந்து செய்யுத வேலை ஆண்டவர்கிட்ட போய்ச் சேருமா? இல்ல, எந்திரிச்சுப் போனாத்தான் சேருமா?”

உபதேசியார் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“அக்கா, உங்க வீட்டுல அகலமா ஒரு சருவம் இருக்கா?”

“நான் என்ன கேக்குதேன், நீங்க என்ன கேக்குதீங்க!”

“கோயில் பித்தளைச் சருவத்தைப் புளி போட்டுத் தேச்சோம். அடியில ஓட்டை விழுந்துருச்சு. சாயங்காலம் ஐயர் கால் கழுவ ஒரு பாத்திரம் வேணும். அதோ, அந்த அலுமினியச் சருவம் நல்லா அகலமா இருக்கே.”

பெர்சியாள் பதறிப்போனாள்.

“ஐயோ, அதுவா! அது மாமாவுக்கு உள்ளது. அதுலதான் காலு கழுவுதேன். கஞ்சியைத் துப்புனா ஏந்துதேன். இன்னும் என்னெல்லாமோ. அதைக் கொண்டுபோய் ஆல்டருக்கு முன்னால வைக்கவா?”

“வேற எங்க வைக்க?”

“ஞானப்பூ வீட்டுல புதுசு ஒண்ணு இருக்கு. நான் வாங்கித் தாரேன்.”

“புதுசு ஒழுகாதுன்னு யாரு கண்டா? இது தினமும் தண்ணி பிடிச்ச பாத்திரம்.”

அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் நசுங்கிய விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“ரெண்டாம் மணி அடிச்சதும் நீங்க கிளம்பி வாங்க. நான் இங்க இருந்துக்கிடுதேன்.”

“நீங்களா? ஐயர் பக்கத்துல நின்னு துண்டு பிடிக்கணுமே!”

“அங்க மணி அடிக்க, துண்டு பிடிக்கப் பத்துப் பேர் போட்டி போடுறான். இங்க ஒருத்தனையும் காணோம்.”

சருவத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். தன் பாத்திரம் வெளியே போகிறது.

“ஆ!” என்றார்.

“வந்துரும் மாமா. கோயிலுக்குத்தான் போகுது. நாம போகாட்டாலும் அதாவது போகட்டும்.”

கால் கழுவுகிற பன்னிரண்டு பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறுதல்புரத்தில் பேர் வந்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு ஜோலியே கிடையாது. காலைத் தேய்ப்பதுதான் வேலை. தேங்காய் நார், சீயக்காய், எலுமிச்சைத் தோல், மீந்துபோன ஷாம்பு என்று கையில் கிடைத்ததெல்லாம் காலுக்குப் போகும். ஐயர் கையால் தொடும்போது அழுக்காக இருந்தால் மரியாதைக்குக் குறைவு அல்லவா! ஆம்பளைகள் நகம் வெட்டிக்கொள்வார்கள். பொம்பளைகள் புதுச் செருப்பு வாங்குவார்கள். இப்படித் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுகிற காலில் ஐயர் கழுவுவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் ஞானப்பூ பேரும் வந்திருந்தது. அவள் தென்காசிக்கு பஸ் ஏறிப் போய், பியூட்டி பார்லரில் காலைச் சுரண்டிக்கொண்டு வந்தாள்.

“யக்கா, பாத்தியா? குழந்தை காலு மாதிரி இல்ல?”

“நல்லாத்தான் இருக்கு. இனி தரையில நடக்காத, அப்படியே கையில தூக்கி வச்சுக்க.”

“நீ இன்னும் கிளம்பலையா? முதல் மணி அடிச்சாச்சு.”

பெர்சியாள் பெரியவரைத் துடைத்து முடித்து அப்போதுதான் வேறு வேஷ்டி கட்டிவிட்டிருந்தாள். ஒரு வாளித் தண்ணீரைத் தனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள், காலையாவது கழுவிக்கொள்ளலாம் என்று. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் ஒரு ‘ஆ’ போட்டார். அது நனைந்த ‘ஆ’. வாளித் தண்ணீர் அதற்குப் போய்விட்டது.

உபதேசியார் வந்து கதவண்டை நின்றார். இரண்டாம் மணியும் அடித்தது.

“கஞ்சி அடுப்புல இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கமா கொடுங்க. துப்புவாரு. கோபப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பைத் தலையில் போட்டாள். கண்ணாடி பார்க்கவில்லை. ஓடினாள்.

கோயிலுக்குள் முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலி அவளுக்கு. உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கிற கால்களைப் பார்த்தாள். வரிசையாக வெள்ளைவெளேர் என்று பதினொரு ஜோடி.

பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். பித்த வெடிப்பு. வெடிப்புக்குள் செம்மண். சுண்டுவிரலில் காய்ந்துபோன கஞ்சி. பெருவிரல் நகத்தில் பீடித்தூள். மெல்ல இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஆராதனை நடந்தது. பாட்டு, ஜெபம், பிரசங்கம், திருவிருந்து. கால் கழுவுதல் எல்லாவற்றுக்கும் கடைசியில். அதற்குள் அவள் கையைக் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கை சிவந்துவிட்டது. தூக்கம் கிட்டே வந்து, போய், மறுபடி கிட்டே வந்தது.

ஐயர் அங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். சட்டைக் காலரில் சின்ன மைக் தொங்கியது. யாரோ சருவத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நசுங்கின விளிம்பு அவளைப் பார்த்தே இருந்தது. அவளுக்கு உடம்பு கூசியது. இதில் தினமும் என்ன விழுகிறது என்று இந்தக் கோயிலில் அவளுக்குத்தானே தெரியும்.

முதல் நாற்காலியில் இருந்து ஐயர் முழங்கால் போட்டபடியே நகர்ந்து வந்தார். மெதுவாகத்தான் வந்தார், வயசான மனுஷன். பெண்கள் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றியது. சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. எவ்வளவு நாளாயிற்று, யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்து!

அவள் முறை வந்தது. ஐயர் அவள் காலை நாற்காலிக்கு அடியில் இருந்து வெளியே எடுத்தார். இடது பாதத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விழுந்தது.

அவளுக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

கண் விழித்தபோது கோயில் காலியாக இருந்தது. பாதி விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். காலைத் துடைத்து, செருப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அடுத்த நாற்காலியில் ஞானப்பூ மட்டும் உட்கார்ந்திருந்தாள், மடியில் கழுவிக் கவிழ்த்த சருவத்தோடு.

“என்னடி ஆச்சு?”

“தூங்கிட்டக்கா.”

“எப்போ?”

“ஐயர் காலைத் தொட்டதும். ஒரு பக்கமா என் தோள்ல சாஞ்சுட்ட.”

“எல்லாரும் பாத்தாவளா?”

“பாக்காம? குறட்டை வேற. ஆனா ஐயர் என்ன சொன்னாவ தெரியுமா...”

“சொல்லாத.” பெர்சியாள் காதைப் பொத்திக்கொண்டாள். “ஒண்ணும் சொல்லாத ஞானப்பூ. கேக்க எனக்குத் தெம்பில்ல.”

சருவத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். ஞானப்பூ தன் பார்லர் காலோடு புழுதியில் பின்னாலேயே ஓடிவந்தாள்.

தெருவில் ஆட்கள் வழி விட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் உபதேசியார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் கஞ்சி வழிந்து காய்ந்திருந்தது. தலைமுடியிலும் ஒரு பருக்கை.

“அக்கா, ஒரு வாய் உள்ள போகல. நாலு தடவை துப்பினாரு. மூணு தடவை முழுங்க முடியாம. ஒரு தடவை வேணும்னே.”

அந்த நிலையிலும் பெர்சியாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சியை வாங்கி, கட்டில் விளிம்பில் முழங்காலை ஊன்றி, பெரியவர் தலையைத் தன் தோளில் சாய்த்து ஒரு கரண்டி கொடுத்தாள்.

பெரியவர் அதை அவள் மேலும் துப்பினார்.

“பாத்தீங்களா? எனக்கும் அதே மரியாதைதான்.” முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். அது இறங்கியது. அதற்கு அடுத்ததும் இறங்கியது.

கஞ்சி முடிகிறவரை ஞானப்பூ கதவில் சாய்ந்து நின்றாள்.

கிண்ணம் காலியானதும் பெரியவர் இடது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். “ஆ” என்றார்.

“என்ன கேக்குறாரு?” என்றார் உபதேசியார்.

“காலு கழுவணும். லாரியை விட்டு இறங்கி வந்தா காலைக் கழுவாம வீட்டுக்குள்ள ஏற மாட்டாரு. இப்போ காலைக் கழுவாமத் தூங்க மாட்டாரு. சருவம் வரட்டும்னுதான் முழிச்சுக் கிடந்திருக்காரு.”

அவள் சருவத்துக்குக் கை நீட்டினாள். உபதேசியார் முந்திக்கொண்டார்.

“இன்னைக்கு நான் செய்றேன்.”

அடுப்பில் இருந்த வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் முழங்கால் போட்டார். பெரியவரின் இடது காலைத் தண்ணீரில் வைத்ததும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அது சுகமான மூடல்.

பெர்சியாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“உபதேசியாரே, நான் கோயில்ல தூங்கிட்டேன்.”

“தெரியும்.”

“உங்களுக்கு எப்படி...”

“பிறகு சொல்றேன்.”

“கெத்செமனே தோட்டத்துல ஆண்டவர் ஜெபிக்கப்போ அந்த மூணு சீஷரும் தூங்கினாங்கன்னு படிக்கப்போ நான் எவ்வளவு பேசியிருக்கேன்! ‘ஒரு மணி நேரம் கண்ணு முழிக்க முடியல்லயே, இவனுகள்லாம் ஆம்பளையா’ன்னு உங்க வகுப்புல கேட்டது நான்தான். அதே வியாழக்கிழமை. அதே தூக்கம். எனக்கு எதுக்கு ஊழியம்?”

உபதேசியார் இடது காலைத் துடைத்துக் கட்டிலில் ஏற்றி வைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

“அந்தக் காலு?” என்றாள் பெர்சியாள்.

“எது?”

“வலது காலு. அதையும் கழுவணும்.”

“இது விழுந்துபோன கால்தானே? இதுல அவருக்கு ஏதாவது தெரியுமா?”

“ஊசி வச்சுக் குத்தினாலும் தெரியாது.”

“கழுவினாலும் தெரியாது, கழுவாட்டாலும் தெரியாது.”

“தெரியாது.”

“நீங்க தினமும் கழுவுறீங்களா?”

“பின்ன? விரலுக்கு நடுவுல கூட துண்டை விட்டுத் துடைப்பேன்.”

“அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே அக்கா. எதுக்கு?”

பெர்சியாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“நல்லாக் கேட்டீங்க போங்க. தெரியல்லன்னா அது அவரு காலு இல்லன்னு ஆயிருமா?”

உபதேசியார் மறுபடியும் முழங்கால் போட்டார். வலது காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தார். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஞானப்பூ எடுத்துப் பேசிவிட்டு, கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“யக்கா, காப்பகத்து வண்டிக்காரரு. சனிக்கிழமை காலையில வரட்டா, மத்தியானம் வரட்டாங்காரு.”

பெர்சியாள் கட்டிலைப் பார்த்தாள். பெரியவர் வாயோரத்தில் கஞ்சி கொஞ்சம் மிச்சம் இருந்தது. கண் மூடியே இருந்தது. கழுவுகிற காலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“வேண்டாம்னு சொல்லிரு.”

“எப்போ வரச் சொல்ல?”

“வேண்டாம்னு சொல்லுடி.”

ஞானப்பூ போனை வைத்துவிட்டுத் தன் வெள்ளைப் பாதத்தில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, “சனிக்கிழமை நான் இருந்துக்கிடுதேன். நீ படுத்துத் தூங்கு” என்றாள்.

“உன் மேல துப்புவாரு.”

“துப்பட்டும். சேலைதான, துவைச்சா போகுது.”

“வியாழக்கிழமை நான்” என்றார் உபதேசியார், காலைத் தேய்த்துக்கொண்டே. “இந்த வியாழன் மட்டும் இல்ல. எல்லா வியாழனும்.”

பெர்சியாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா, கஞ்சியா, வேறு எதுவுமா, அவளுக்கே தெரியவில்லை.

“எல்லாம் சரி உபதேசியாரே. இவரை நான் பாத்துக்கிடுவேன். கிறிஸ்டபெல் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுவேன். ஆனா காலையில கேட்ட கேள்வி அப்படியேதான் நிக்கு. வருஷம் பூரா ஜெபத்துல தூங்கினேன். இன்னைக்கு ஆண்டவரே காலைத் தொட வந்த நேரத்துலயும் தூங்கினேன். என்கிட்ட இருந்து அவருக்கு என்னதான் போய்ச் சேந்திருக்கும்?”

உபதேசியார் வலது காலின் விரல்களுக்கு நடுவில் துண்டை விட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவசரப்படவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க தூங்கினது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே அக்கா. ஐயர் சட்டையில மைக் மாட்டியிருந்தாரு. கோபுரத்து ஸ்பீக்கர் குழாய் வழியா ஊர் முழுக்கக் கேட்டுது. இவரும் கேட்டாரு, நானும் கேட்டேன். உங்களை எழுப்ப யாரோ பக்கத்துல வந்திருப்பாங்க போல.”

“ஐயர் என்ன சொன்னாவ?”

“‘எழுப்பாதீங்க. தூங்கட்டும். கழுவுறதுக்கு நான் முழிச்சிருந்தாப் போதும்’னு சொன்னாரு.”

பெர்சியாள் துண்டுக்குள் இருந்த அந்த வலது காலையும், தூக்கத்தில் கழுவி முடிந்திருந்த தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.